உங்கள் பேக்கேஜ் எந்தக் கணக்கில் ஓடுகிறது?

பிறர் கட்டிக்கொடுத்த சர்வர் பேக்கேஜ்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை எனக்கு அடிக்கடி வரும். பில் போடும் மென்பொருள், வருகைப்பதிவு என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். பிரித்ததும் சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் ‘யூசர்’ என்ற வரி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். பல பேக்கேஜ்களில் இருப்பதில்லை. அந்த வரி இல்லையென்றால் மென்பொருள் ரூட்டாக ஓடும். ஏன் இப்படி என்று கேட்டால், “ரூட்டில் விட்டால் பர்மிஷன் தொல்லை இல்லை சார்” என்கிறார்கள். மென்பொருளில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து உள்ளே வருகிறவனுக்கும் அந்தத் தொல்லை இருக்காது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த பேக்கேஜும் அப்படியே வருகிறது.

ரெடிஸ் தரவுத்தளத்தின் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். கடவுச்சொல் இல்லாமல் இணையத்துக்குத் திறந்துவிட்ட ரெடிஸ் சர்வருக்குள் எப்படிப் புகலாம் என்று அதை உருவாக்கிய சால்வடோர் சான்ஃபிலிப்போவே 2015-இல் எழுதிக் காட்டினார். தரவை எந்த அடைவில், எந்தப் பெயரில் சேமிப்பது என்பதை அப்போது ரெடிஸுக்கே கட்டளையிட்டு மாற்ற முடிந்தது. ஒருவருடைய எஸ்எஸ்எச் அடைவுக்குள், அனுமதிச் சாவிகள் இருக்கும் கோப்பின் பெயரில், தன் சாவியைச் சேமிக்கச் சொன்னால் போதுமாயிருந்தது. பிறகு எஸ்எஸ்எச் வழியாகவே உள்ளே வந்துவிட முடிந்தது. ரெடிஸ் ரூட்டாக ஓடினால் ரூட்டாகவே வர முடிந்தது. தனிக் கணக்கில் ஓடினாலும், அந்தக் கணக்குக்கு எழுதக்கூடிய ஹோம் அடைவும் ஷெல்லும் கொடுத்திருந்தால் அந்தக் கணக்காக நுழைய முடிந்தது. தனிக் கணக்கு என்றால் உள்நுழைய முடியாத கணக்கு என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ரூட் கூடாது என்று புரிந்துகொண்டவர்களில் பலர் அடுத்து ‘நோபடி’ கணக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதுவும் தவறு. 65534 என்ற எண் கொண்ட அந்தக் கணக்கு, என்எஃப்எஸ் போன்ற இடங்களில் அடையாளம் தெரியாதவர்களுக்காக வைத்தது. அதன் பெயரில் எந்தக் கோப்பும் இருக்கக் கூடாது. நான்கு சேவைகளை அதில் ஓட்டினால், ஒன்றில் புகுந்தவன் மற்ற மூன்றின் கோப்புகளையும் படிப்பான், அவற்றை நிறுத்தவும் செய்வான். எல்லா வலைச்செயலிகளையும் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ கணக்கில் குவித்து வைப்பதும் இதே தவறுதான். ஒரு சேவைக்கு ஒரு கணக்கு.

டெபியன், உபுண்டு பேக்கேஜ் என்றால் ‘போஸ்ட்இன்ஸ்ட்’ ஸ்கிரிப்டில் ‘அட்யூசர்’ கட்டளையை ‘சிஸ்டம்’ விருப்பத்தோடு அழைக்க வேண்டும். 100 முதல் 999 வரையிலான எண்களில் காலியாக உள்ள ஒன்றை அதுவே எடுத்துக்கொள்ளும். எண்ணை நீங்களாக எழுதாதீர்கள், இன்னொருவர் சர்வரில் அது வேறு சேவைக்குப் போயிருக்கும். ‘குரூப்’ விருப்பத்தை விட்டுவிட்டால் கணக்கு ‘நோகுரூப்’பில் போய்ச் சேரும், அங்கே மற்றவர்களும் இருப்பார்கள். ஹோம் அடைவு இல்லை என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள், ஏனென்றால் பழைய அட்யூசர் பதிப்புகள் கேட்காமலே ஒன்றை உருவாக்கிவிடும். பெயரை அடிக்கோட்டில் தொடங்கச் சொல்கிறது டெபியன் விதிநூல், மனிதர்களின் பெயரோடு மோதாமல் இருக்க. கன்ட்ரோல் கோப்பின் ‘டிபெண்ட்ஸ்’ வரியில் அட்யூசரைச் சேர்க்க மறப்பவர்கள் ஏராளம். உங்கள் கணினியில் அது ஏற்கெனவே இருப்பதால் பிழை உங்களுக்குத் தெரியாது. வாடிக்கையாளரின் சிறிய கன்டெய்னரில்தான் உடையும்.

ஃபெடோரா பக்கம் வரிசை முக்கியம். கோப்புகளைப் பிரித்து வைக்கும்போதே ஆர்பிஎம் உரிமையாளரின் பெயரைத் தேடும், எனவே கணக்கு அதற்கு முன்பே இருக்க வேண்டும். 2023-இல் வந்த ஆர்பிஎம் 4.19 முதல், ‘சிஸ்யூசர்ஸ்’ அடைவில் ஒரு வரிக் கோப்பை வைத்தால் ஆர்பிஎம்மே கணக்கைத் திறந்துகொள்ளும். எங்கேயும் நிரந்தரமாகக் கோப்பு வைக்காத சிறு சேவை என்றால் இந்த வேலையே வேண்டாம். சர்வீஸ் கோப்பில் ‘டைனமிக்யூசர்’ என்று எழுதினால் சேவை ஓடும் நேரத்துக்கு மட்டும் சிஸ்டம்டி ஒரு கணக்கு தரும்.

கணக்கு திறப்பது ஓரிரு வரி வேலை. அந்தக் கணக்குக்கு எது சொந்தம் என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள், தேர்ந்தவர்கள்கூட. 2016-இல் டெபியனின் என்ஜின்எக்ஸ் பேக்கேஜில் லாக் அடைவின் உரிமை வலைச்சேவைக் கணக்கிடமே இருந்தது. வலைத்தளத்தின் ஓட்டை வழியே அந்தக் கணக்கைப் பிடித்தவன், லாக் கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் சிஸ்டம் கோப்பு ஒன்றுக்கு இணைப்பு போட்டு வைக்கலாம். லாக்ரொட்டேட் ஓடும் வேளையில், ரூட்டாக இருக்கும் என்ஜின்எக்ஸின் தாய்ச் செயல்முறை அந்தப் பெயரைத் திறந்து, அவனுக்கே உரிமை மாற்றிக் கொடுத்துவிடும். அதோடு சர்வர் முழுவதும் அவன் கையில். அதே ஆண்டு டாம்கேட் பேக்கேஜிலும் இதே வகைப் பிழை, அங்கே தொடக்க ஸ்கிரிப்ட் லாக் கோப்பின் உரிமையை மாற்றியது. இரண்டிலும் சேவைக்குத் தனிக் கணக்கு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

எனவே நிரல், லைப்ரரி, அமைவுக் கோப்பு எல்லாம் ரூட்டுக்கே சொந்தமாக இருக்கட்டும். கடவுச்சொல் உள்ள அமைவுக் கோப்புக்கு உரிமையாளர் ரூட், குழு சேவையின் குழு, அனுமதி 0640. சேவை அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. ‘/வார்/லிப்’ கீழே அதன் பெயரில் ஒரு தரவு அடைவை மட்டும் 0750 அனுமதியோடு கொடுங்கள். லாக் எழுத அடைவு கேட்டால் ஜர்னலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். 80-ஆம் போர்ட் வேண்டும் என்பதற்காக ரூட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. சர்வீஸ் கோப்பில் ‘கேப் நெட் பைண்ட் சர்வீஸ்’ என்ற ஒற்றை உரிமையைக் கொடுத்தால் போதும்.

போஸ்ட்இன்ஸ்டில் ‘சோன்’ கட்டளையை ஒட்டுமொத்த அடைவுக்கும் ஓடவிடாதீர்கள். இதைத் தடித்த எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டி வைக்கச் சொல்வேன். ஒவ்வொரு அப்டேட்டிலும் ரூட்டாக ஓடும் அந்த வரி, சேவைக் கணக்கின் கட்டுப்பாட்டில் உள்ள அடைவுக்குள் போகிறது. உள்ளே எதற்கு இணைப்பு போட்டு வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. முன்பு ரூட்டாக ஓடிய பேக்கேஜைத் தனிக் கணக்குக்கு மாற்றும்போது உரிமையை ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். சேவையை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். போஸ்ட்இன்ஸ்டுக்கு ‘கான்ஃபிகர்’ என்ற சொல்லுக்கு அடுத்து, முன்பு நிறுவியிருந்த பதிப்பின் எண் வரும். அதை டிபிகேஜியின் பதிப்பு ஒப்பீட்டோடு சோதித்து, பழைய பதிப்பிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் அந்த வரி ஓடட்டும். மறுபடியும் சொல்கிறேன், ஒருமுறை மட்டும்.

பேக்கேஜை நீக்கும்போது கணக்கையும் அழித்துவிடும் சுத்தக்காரர்கள் இருக்கிறார்கள். அழிக்காதீர்கள். எங்கோ விட்டுப்போன பேக்கப் கோப்பு பழைய எண்ணோடு கிடக்கும். நாளை அந்த எண் வேறு சேவைக்குக் கிடைத்தால் அந்தக் கோப்பும் அதற்குச் சொந்தமாகிவிடும். கணக்குகளை நீக்கவே கூடாது என்பது ஃபெடோரா பேக்கேஜிங் விதி. பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

சர்வரை நடத்துகிறவர்களும் பேக்கேஜ் கட்டியவரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ‘பிஎஸ்’ கட்டளையில் யூசர் பத்தியைப் பாருங்கள். ‘சிஸ்டம்டி-அனலைஸ் செக்யூரிட்டி’ ஓட்டினால் ஒவ்வொரு சேவைக்கும் 10-க்கு எவ்வளவு என்று மதிப்பெண் வரும். அதிகம் என்றால் ஆபத்து அதிகம், தேர்வு மதிப்பெண் என்று நினைத்து மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டெபியன் பேக்கேஜில் தவறு கண்டால் ‘ரிப்போர்ட்பக்’ கருவியால் புகார் பதியலாம், ஆனால் அது எல்லோர் கண்ணிலும் படும். ரூட் வரை போகக்கூடிய ஓட்டை என்றால் முதலில் டெபியன் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிப்பு எண், சர்வீஸ் கோப்பு, கோப்பு உரிமைகளின் பட்டியல் மூன்றையும் இணையுங்கள்.

சர்வர் இந்தியாவில் இருந்து, உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றால், இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் இட்ட உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவுக்கு அறிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. எந்தச் சேவை வழியாக வந்தார்கள் என்பதும் அந்த 6 மணி நேரத்தில் எழும் கேள்விதான். எல்லாம் ரூட் பெயரிலேயே ஓடிய சர்வரின் லாக்கை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் தேடி நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் கணக்கு எண் 0 என்றே இருந்தது.