மந்திரச் சிறுமியும் மகாயுத்தமும்

யுத்தத்தைப் பற்றிய கதைகளுக்கு உலகில் என்றுமே குறைவிருந்ததில்லை. பாரதமும் இராமாயணமும் கந்தபுராணமும் கேட்டு வளர்ந்த நமக்கு அவை புதியனவும் அல்ல. ஆயினும், போர்க்களத்தின் நடுவே பத்து வயதை ஒட்டிய சிறுமியொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தி, அவள் கையிலே துவக்கையும் மார்பிலே மந்திரக் கோளத்தையும் கொடுத்துச் சண்டைக்கு அனுப்பும் ஒரு கதையைக் காணும்போது, நாம் சற்றே நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

யப்பானியரின் சித்திரத் திரைப்படமாகிய ‘யோஜோ சென்கி’ அத்தகைய கதை. சிறுமியொருத்தியின் போர்க் குறிப்புகள் என்பது அப்பெயரின் பொருள். நம் மாணவர்களிடையே கதாநாயகியின் பெயரால் ‘தான்யா’ என்றே அது வழங்குகிறது. 2017ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை பன்னிரண்டு பாகங்களாகத் தொலைக்காட்சியில் வந்த தொடரின் பிற்கதையாக, 2019ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி யப்பானில் இத்திரைப்படம் வெளியாயிற்று.

மொனராகலையின் இரப்பர்த் தோட்டங்களிலும் பதுளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலும் லயத்துக்கு லயம் கைத்தொலைபேசி வந்துவிட்ட காலம் இது. சித்திரப் படம் என்றாலே சிறு பிள்ளைகளுக்கு உரியது என்று எண்ணிப் பெற்றோர் கவலையின்றி இருந்துவிடுகின்றனர். ஆகவே இப்படத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதுவது நம் கடமையென்று கருதுகிறோம்.

முற்கதை

இக்கதையின் தொடக்கமே விசித்திரமானது. இன்றைய தோக்கியோ நகரத்தில் ஒரு பெரிய கம்பெனி. அங்கே ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதுமான பகுதியில் ஓர் அதிகாரி. மனிதரை மனிதராகக் காணாது, கணக்கேட்டில் வரும் இலக்கங்களாகவே காணும் இயல்பினர். தோட்டத்துச் செக்ரோலிலிருந்து பெயர் நீக்கப்படுவதன் பொருளை அறிந்த நம்மவர்க்கு இப்பாத்திரத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவரால் வேலையிழந்த ஒருவன், ஓடிவரும் புகையிரதத்தின் முன்னே அவரைத் தள்ளிவிடுகிறான்.

உயிர் பிரியும் அக்கணத்தில் காலம் அசையாது நிற்கிறது. தன்னையே இறைவன் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சக்தி அவருடன் பேசுகிறது. அதிகாரியோ அதனை நம்ப மறுத்து, ‘எக்ஸ்’ என்று ஒரு பெயரும் சூட்டி வாதாடுகிறார். சுகவாழ்வு வாழ்ந்ததனாலேயே இவருக்குப் பக்தி பிறக்கவில்லை என்று முடிவு செய்த அச்சக்தி, அவரைத் துன்பம் நிறைந்த வேறோர் உலகத்தில், தாய் தந்தையற்ற பெண் குழந்தையாகப் பிறக்கச் செய்கிறது. முதலாம் உலக மகாயுத்த காலத்து ஜெர்மனியை ஒத்த சாம்ராச்சியம் அது. அக்குழந்தையே தான்யா.

அவ்வுலகிலே மந்திரம் என்பது மையும் மாயமும் அன்று. அது ஒருவகைக் கணிதம். பிறவியிலேயே ஆற்றல் பெற்றோர் கணிப்புக் கோளம் என்னும் கருவியை அணிந்து வானில் பறப்பர். காப்பு வளையம் அமைப்பர். கைத்துவக்கின் குண்டுக்குப் பீரங்கியின் வலுவைக் கொடுப்பர். ஆற்றலுள்ளோரைப் பட்டாளம் விட்டுவைப்பதில்லை. எப்படியும் இழுத்துச் செல்லப்படப் போகிறோம் என்றுணர்ந்த தான்யா, தானே முன்வந்து சேர்ந்து திறமையைக் காட்டினால் போர்முனைக்குப் பின்னால் பத்திரமான உத்தியோகம் கிடைக்கும் என்று கணக்கிடுகிறாள். ஆனால் திறமையைக் காட்டக் காட்ட, மேலதிகாரிகள் அவளை முன்னணிக்கே அனுப்புகின்றனர். தொடர் முழுவதிலும் நகைப்பை விளைவிப்பது இந்த முரண்பாடே. ஈற்றில் அயல்நாடொன்று தோற்கிறது. ஆனால் வெற்றி விருந்து நடக்கும் வேளையில் பகைப்படையில் ஒரு பகுதி கப்பலேறித் தப்பிவிட, முடிய வேண்டிய யுத்தம் நீண்டுவிடுகிறது.

இரண்டாம் கதை

திரைப்படம் அங்கிருந்து தொடங்குகிறது. தென்கண்டத்துப் பாலைவனத்திலே தப்பிய படைகளைத் தாக்கி மீளும் தான்யாவும் அவளுடைய 203ஆம் மந்திரப் படைப்பிரிவும், ஓய்வு கிட்டுமுன்னரே கீழ்த்திசை எல்லைக்கு அனுப்பப்படுகின்றனர். சோவியத் ருஷ்யாவை ஒத்த பெருநாடு போர் தொடுக்கிறது. தான்யா தன் வீரருடன் அந்நாட்டின் தலைநகருக்கே பறந்து சென்று, கட்டிடங்களைத் தகர்த்து, தன் நாட்டுக் கொடியை ஏற்றிப் பண்ணும் பாடுகிறாள்.

அங்கேதான் இன்னொரு சிறுமி எதிர்ப்படுகிறாள். மேரி என்பது அவள் பெயர். முந்திய தொடரில் தான்யாவின் கையால் மாண்ட அன்சன் என்னும் படையதிகாரியின் மகள். தாயுடன் கடல் கடந்து அகதியாகப் போனவள், தந்தைக்காகப் பழிவாங்கும் எண்ணத்துடன் தொண்டர் படையிலே சேர்ந்திருக்கிறாள். தந்தைக்கு அவள் பரிசாகக் கொடுத்ததும், அவருடைய பெயரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டதுமான துவக்கு இப்பொழுது தான்யாவின் கையில் இருக்கிறது. அதனை மேரி அடையாளம் கண்டுகொள்கிறாள். பின்னர் தீகன்ஹோவ் என்னும் நகரத்து முற்றுகையில், தளபதியின் கட்டளையையும் பொருட்படுத்தாமல் அவள் தான்யாவைத் தேடிப் பாய்கிறாள். படத்தின் உச்சக் கட்டம் இவ்விருவரின் சண்டையே.

சித்திரத்தின் சிறப்பு

படத்தை இயக்கியவர் யுதாக்கா உவெமுரா. கார்லோ சென் என்னும் புனைபெயருடையார் எழுதிய நாவல்களே இதற்கு மூலம். ‘நட்’ என்னும் சிறிய சித்திரக்கூடம் இதனை ஆக்கியது. வான்போர்க் காட்சிகளிலே அக்கூடத்தார் காட்டியிருக்கும் தேர்ச்சி மெச்சத்தக்கது. மேகத்தினூடே புகுந்து, குண்டுமழையில் சுழன்று, இடிந்த நகரத்தின் வீதிகளிடையே துரத்திச் செல்லும் காட்சிகளில் நம் கண்ணே தடுமாறுகிறது. தான்யாவுக்குக் குரல் கொடுத்த அவோயி யூக்கி என்னும் நடிகை, மழலையையும் அதிகாரத் தோரணையையும் ஒரே மூச்சில் மாற்றி மாற்றிக் காட்டுவது வியப்புக்குரியது. ‘மதோக்கா’ என்னும் 2011ஆம் ஆண்டுத் தொடரில் மென்மையே உருவான மந்திரச் சிறுமிக்குக் குரல் தந்தவரும் இவரே என்றறியும்போது அவ்வியப்பு இரட்டிக்கிறது.

கதையமைப்பிலும் ஓர் ஆழமான கருத்து இருக்கிறது. முற்பிறவியில் ஓர் அதிகாரி, மனிதருடைய துயரைக் கணக்கிலே சேர்க்காததனால் உயிரிழந்தார். இப்பிறவியிலும் தான்யா எல்லாவற்றையும் கணக்கிடுகிறாள். படைவலு, தூரம், நேரம் யாவும் சரி. ஆனால் தந்தையை இழந்த ஒரு மகளின் மனம் அவள் கணக்கில் வரவேயில்லை. புகையிரதத்தின் முன் தள்ளியவனும், வானிலே துரத்தும் மேரியும் ஒரே பிழையின் இரு விடைகள். அறிவு எவ்வளவு கூரியதாயினும் இரக்கம் இல்லாவிடின் அது தன்னையே காக்கமாட்டாது என்பதை இதனினும் தெளிவாகச் சொல்வது அரிது.

யப்பானின் பழைய கணக்கு

மந்திரச் சிறுமியர் கதை யப்பானிலே 1966ஆம் ஆண்டில் ‘மந்திரக்காரி சாலி’ என்னும் தொடருடன் தொலைக்காட்சிக்கு வந்தது. அச்சிறுமி மந்திரத்தால் வீட்டிலும் பாடசாலையிலும் குறும்பு செய்தாள், உதவியும் செய்தாள். 1992இல் ‘சேலர் மூன்’ வந்தபோது சிறுமியர் கூட்டாகச் சேர்ந்து தீயோரை எதிர்த்தனர். தான்யாவின் காலத்திலோ மந்திரச் சிறுமி சீருடை தரித்த பட்டாளத்தாளாகி விட்டாள்.

இம்மாற்றத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பையும் 9ஆந் திகதி திருகோணமலையையும் யப்பானியக் கடற்படை விமானங்கள் தாக்கின. அதே கடற்படையின் ஆதரவில் 1945 ஏப்ரலில் வெளியானது ‘மொமொதாரோ’ என்னும் சித்திரப் படம். யப்பானின் முதல் முழுநீளச் சித்திரப் படம் என்று போற்றப்படும் அதில், விலங்குகள் சீருடை அணிந்து வானிலிருந்து குதித்துப் போரிடுகின்றன. பிள்ளைகளின் மனத்தை யுத்தத்துக்குப் பழக்குவதே அதன் நோக்கம்.

அதே மாதங்களில் ஒக்கினாவாத் தீவிலே, இரு பெண்கள் கல்விநிலையங்களின் மாணவியரும் ஆசிரியரும் 240 பேர் போர்க்களத்து மருத்துவ சேவைக்கென அழைத்துச் செல்லப்பட்டனர். ‘ஹிமெயூரி’ மாணவியர் என்று வரலாறு அவர்களை அழைக்கிறது. அந்த 240 பேரில் 136 பேர் மாண்டனர். அவர்களிடம் மந்திரக் கோளம் எதுவும் இருக்கவில்லை. சித்திரத்தில் முயலும் குரங்கும் சிரித்தபடி போருக்குச் சென்ற காலத்தில், மெய்யான பெண் பிள்ளைகள் குகைகளுக்குள்ளே மடிந்தார்கள். தான்யாவின் படத்தைப் பார்ப்போர் இந்த வரலாற்றையும் அறிந்திருத்தல் நலம்.

தங்காளும் மேரியும்

இனிப் படத்தின் குறையைச் சொல்வோம். மேரியின் துயரத்தில் நியாயம் உண்டு. தந்தையைப் பறிகொடுத்த பிள்ளை அவள். ஆனால் படமோ அவளை வெறி பிடித்தவளாக, முகம் கோணி அலறுபவளாகவே பெரிதும் வரைகிறது. தான்யா தப்பவேண்டும், மேரி தோற்கவேண்டும் என்று பார்ப்போர் விரும்பும்படி காட்சிகள் அமைகின்றன. கொன்றவளுக்குக் கைதட்டி, இழந்தவளைக் கண்டு நகைக்கும் நிலைக்கு நாம் தள்ளப்படுகிறோம். இது சிறு குறையன்று. அன்றியும், பகைநாட்டு அதிகாரியொருவன் சிறுமியைத் தகாத கண்ணோடு நோக்குவதை நகைச்சுவையாக்கியிருப்பது அருவருக்கத்தக்கது.

மலையகத் தோட்டங்களிலே காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் போலவே பொன்னர் சங்கர் கதையும் ஆடப்பட்டு வருவதை நேயர்கள் அறிவார்கள். அதிலே வரும் தங்காளும் தெய்வீக ஆற்றல் படைத்த கன்னியே. அவளும் போரிலே உறவை இழந்தவள். அண்ணன்மார் மாண்டனர் என்றறிந்து களத்தைத் தேடிச் செல்கிறாள்; பிணங்களிடையே அழுது அரற்றுகிறாள். ஆனால் தன் ஆற்றலை அவள் பயன்படுத்துவது எதற்காக? மாண்டவரை எழுப்புவதற்காக. ஒரு பொழுதேனும் அவர்களுடன் பேசுவதற்காக. தங்காள் அழும்போது கூத்துப் பார்க்கும் பெண்களும் உடன் அழுகின்றனர், ஒருவரும் நகைப்பதில்லை. மேரிக்கு அந்த அழுகையை யப்பானியப் படம் கொடுக்கவில்லை.

தெய்வம் அருளும் ஆற்றலைப் பற்றியும் இவ்வாறே சொல்லலாம். தான்யாவின் விசேடக் கோளம் ‘எக்ஸ்’ஸைத் துதித்தால்தான் இயங்கும். மேரிக்கும் அச்சக்தியே வலுவைக் கொடுக்கிறது. இருபுறமும் ஆயுதம் கொடுத்து நிற்கும் அச்சக்தியிடம் கருணை இல்லை. மொனராகலை என்னும் சிங்களப் பெயரின் பொருள் மயில் பாறை என்பதாகும். இம்மாவட்டத்தின் தென்பகுதியிலேயே கதிர்காமம் அமைந்திருக்கிறது. அங்கே நாம் வணங்கும் பாலனும் சேனாபதியாக நின்று போர் புரிந்தவனே. ஆயினும் அவன் சூரனை அழித்தொழிக்கவில்லை; மயிலாகவும் சேவலாகவும் ஆட்கொண்டான் என்று கந்தபுராணம் கூறுகிறது. பகைவனுக்கு ஒரு வழி விட்டுவைத்த கதையும், வழியே விடாத கதையும் இளம் மனத்தில் ஒரே விதையை ஊன்றுவதில்லை.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும்

படத்தின் முடிவிலே தான்யா களைத்துப்போகிறாள். பின்னணியில் சிறிது காலம் அமைதியாக அலுவல் பார்க்கிறாள். ஆனால் புதியதோர் படைக்குத் தலைமை தாங்கும்படி மீண்டும் உத்தரவு வருகிறது. அங்கே நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிந்த பின் மனம் கனக்கிறது. ஏனெனில் அவளைத் திரும்பத் திரும்ப அனுப்பும் பெரியவர்களில் ஒருவரும் தீயவராகக் காட்டப்படவில்லை. நல்ல ஆடை அணிந்து, சுருட்டுப் புகைத்து, தேசப்படத்தின் மீது விரலை வைத்துப் பேசும் கண்ணியவான்கள் அவர்கள். பிள்ளையைப் போருக்கு அனுப்புவது அவர்களுக்கு ஒரு நிர்வாகக் காரியம்.

இத்தீவிலும் 1983 முதல் 2009 வரை நீண்ட யுத்தத்திலே சிறுவரும் சிறுமியரும் துவக்கு ஏந்த நேர்ந்தது. பதினெட்டு வயது நிரம்பாதோரைப் போரிலே நேரடியாக ஈடுபடுத்தலாகாது என்னும் உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை 2000ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. தான்யாவையும் மேரியையும் அச்சட்டத்தின் கண்கொண்டு பார்த்தால், களத்திலே நின்ற இருவருமே குற்றவாளிகள் அல்லர், அனுப்பியோரே குற்றவாளிகள்.

ஆதலால் நம் கருத்து இது. சிறுபிள்ளைகளுக்கு இப்படம் ஏற்றதன்று. சித்திரம் என்பதற்காகக் கையில் கொடுத்துவிட வேண்டாம். உயர்தர வகுப்பு மாணவர் பார்க்கலாம். பெற்றோரோ மூத்தவர் ஒருவரோ அருகிருப்பது நன்று. பார்த்து முடிந்ததும், தான்யா எத்தனை விமானங்களை வீழ்த்தினாள் என்று எண்ணிக் கொண்டிராமல், அந்தத் துவக்கில் பொறித்திருந்த எழுத்துகள் யாருடையவை, அதை வாங்கிக் கொடுத்தவள் யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அதற்கு அவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்லும் விடைக்குக் காது கொடுங்கள்.