அடி ஒரு நாள், காவல் எந்நாளும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

2025ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் காலை. நெய்வேலியில் எங்கள் வட்டத்துத் தேநீர்க் கடையில் ஒரே பேச்சு. முந்திய நள்ளிரவுக்குப் பின் நம் படைகள் பாகிஸ்தானிலும், அதன் பிடியிலுள்ள காஷ்மீரிலும் ஒன்பது பயங்கரவாத நிலையங்களைத் தாக்கியிருந்தன. "இத்தோடு கதை முடிந்தது" என்றார் ஒருவர். இரவு ஷிப்டு முடித்து வந்திருந்த என் தந்தை மட்டும், "அடிச்சாச்சு, சரி. நாளைக்கு என்னா செய்வாங்க?" என்று கேட்டார். அவர் சுரங்கத்தில் நீர் இறைக்கும் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். இருந்தும் அன்று என்னால் விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் நடந்தவற்றைக் காண்போம். 2016 செப்டம்பர் 18இல் உரி இராணுவ முகாம் தாக்கப்பட்டது. பதினோரு நாளில் நம் வீரர்கள் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து சென்று தாக்கினர். 2019 பிப்ரவரி 14இல் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீசுப் படையினர் 40 பேர் மாண்டனர். அவர்களில் இருவர் தமிழகத்தார். ஒருவர் நமக்கு அடுத்த அரியலூர் மாவட்டத்தவர். பன்னிரண்டாம் நாள் நம் விமானப்படை பாலாகோட்டைத் தாக்கியது. 2025 ஏப்ரல் 22இல் பகல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கியது. மே 10இல் சண்டை நின்றது. அதற்குள் பூஞ்ச் போன்ற எல்லையூர்களில் பீரங்கிக் குண்டுகளுக்குப் பொதுமக்களும் பலியாயினர்.

இத்தகைய அடிக்குப் பயன் உண்டு. நிலையங்கள் அழிகின்றன, அணுகுண்டின் நிழலில் ஒளிந்துகொள்ளலாம் என்ற துணிவு குறைகிறது. ஆயினும் 2016க்குப் பின் புல்வாமா வந்தது; 2019க்குப் பின் பகல்காம் வந்தது. ஏன்? இடிந்த கட்டடத்தை மீண்டும் கட்டிவிடலாம். பணம், ஆள்சேர்ப்பு, புகலிடம் என்னும் ஊற்றுகள் அடியில் இருந்துகொண்டே இருக்கின்றன.

இதற்கு நம் சுரங்கமே சான்று. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டுகிறது. மேல்மண்ணை எவ்வளவு பெரிய இயந்திரம் வெட்டினாலும், அந்நீரை ஆழ்குழாய்க் கிணறுகள் இரவு பகலாக இறைக்காவிடில் தரை பிளந்து வெள்ளம் புகும். இயந்திரத்தைக் காண வெளியூரார் வருவர். பம்பைக் காண எவரும் வருவதில்லை.

பயங்கரவாதத்தை ஒடுக்கவும் இத்தகைய பம்புகள் உண்டு. ஒன்று, பணத்தடை. பன்னாட்டு நிதி நடவடிக்கைப் பணிக்குழு 2018 முதல் 2022 வரை பாகிஸ்தானைச் சாம்பல் பட்டியலில் வைத்தது. அக்காலத்தில், 2020இல், லஷ்கர்-இ-தொய்பாவை நிறுவிய ஹஃபீஸ் சயீதுக்கு அந்நாட்டு நீதிமன்றமே சிறைத்தண்டனை விதித்தது. இரண்டு, சட்டமும் புலனாய்வும். 2008இல் மும்பையில் 166 உயிர்கள் பலியான பின்னரே தேசியப் புலனாய்வு முகமை பிறந்தது. மூன்று, கடற்காவல். அந்தப் பத்துப் பேரும் கடல்வழி வந்தவர்கள். அதன் பின் மீனவர்க்கு அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. அந்நியப் படகைக் கண்டு சொல்லும் கடலூர் மீனவரும் இன்று ஒரு காவலரே. நான்கு, மக்களின் நம்பிக்கை. பகல்காமில் மாண்டவர்களுள் ஒருவர் பயணிகளைக் காக்க முயன்ற உள்ளூர்க் குதிரைக்காரர். அவர் ஒரு காஷ்மீர முஸ்லிம். அவரைப் போன்றோரைச் சந்தேகக் கண்ணால் பார்த்தால் பம்பை நாமே நிறுத்தியவர்களாவோம்.

என் பெரியப்பா மகனும் மத்திய ரிசர்வ் போலீசுப் படையில் இருக்கிறார். விடுப்பு முடிந்து அவர் புறப்படும்போது, பேருந்து கண்ணை விட்டு மறையும்வரை பெரியம்மா சாலையிலேயே நிற்பார். அவரை எண்ணும்போது ஒன்று தோன்றுகிறது: அடி விழும் நாளில் ஆரவாரம் செய்யும் நாம், ஆரவாரமற்ற மற்ற நாள்களில் பம்பு ஓடுகிறதா என்று கேட்கக் கற்க வேண்டும். படித்தவர் கடமை அதுவே.

தந்தையிடம் இதைச் சொன்னேன். "ஒரு ஷிப்டு கூட விடக்கூடாதுடா" என்று கூறிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.