வெட்டினால் போதுமா? வேரோடு பிடுங்கணும்! குளக்கரையில் 3 வில்லன்கள்

திண்டுக்கல்,
சீமைக் கருவேலம், நெய்வேலிக் காட்டாமணக்கு, ஆகாயத்தாமரை. குளங்களைக் கெடுக்கும் இந்த 3 பேருமே அமெரிக்கக் கண்டத்து ஆசாமிகள்!

திண்டுக்கல் சீமைக்கு நல்ல மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அந்த நேரம் பார்த்து வரத்து வாய்க்காலில் செடி அடைத்து நின்றால், மழை பெய்தும் குளம் நிறையாது.

மறுபடி துளிர்க்கும்

கருவேலத்தை அரிவாளால் சீவினால் அடித்தூரில் மறுபடி துளிர்க்கும். தூரோடு தோண்டணும். ஆடு, மாடு நெற்றைத் தின்று போடும் சாணத்திலும் விதை முளைக்கும்.

காட்டாமணக்கு ஆட்டுக்கு விஷம். துண்டுத் தண்டு ஈரத்தில் கிடந்தாலே வேர் விடும். வெட்டிக் கரையிலேயே போட்டால் கூலி தண்டம்!

ஆகாயத்தாமரைக்குச் சாக்கடைத் தண்ணீர்தான் விருந்து. 2 வாரத்தில் இரட்டிப்பாகும். விதை சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். பூக்கும் முன்பே வாரணும், சாக்கடையையும் அடைக்கணும்.

கோர்ட்டு உத்தரவு

கருவேலத்தை அகற்றும்படி 2017ல் மதுரை ஐகோர்ட்டு கிளை உத்தரவிட்டது. அதே வருஷம் சென்னையில் தடை விழுந்தது. 2022ல் அந்நிய செடிகளை ஒழிக்கத் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.

ஒரு நாள் பொக்லைன் விட்டுப் போட்டோ பிடித்தால் தீராது. வருஷா வருஷம் மழைக்கு முன் கன்றிலேயே பிடுங்கினால்தான் குளம் மிஞ்சும்!