இடக்கைக்கு ஏன் இத்தனை கோடி?

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை டெல்லி அணி 10.75 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதே ஏலத்தில் அர்ஷ்தீப் சிங்குக்குப் பஞ்சாப் கொடுத்தது 18 கோடி. அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவின் மிட்செல் ஸ்டார்க்குக்குக் கொல்கத்தா கொடுத்த 24.75 கோடி, அதுவரை எந்த ஆட்டக்காரரும் பெறாத தொகை. மூவரும் இடக்கை வேகப்பந்து வீச்சாளர்கள். ஜாகீர் கான் ஓய்வுபெற்றதிலிருந்து இந்திய அணி தேடிக்கொண்டே இருப்பதும் இந்த வகை ஆளைத்தான். ஏன் இந்தத் தேடல் என்று கேட்டால் வர்ணனையாளர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்: கோணம். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி வீசுபவரின் கையில் இல்லை, எதிரே மட்டையோடு நிற்பவரின் தலைக்குள் இருக்கிறது.

முதலில், விளக்கம் கேட்கும் அளவுக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். 1975 முதல் 2023 வரை நடந்த ஆண்கள் ஒருநாள் உலகக் கோப்பைகள் 13. அவற்றில் 7 தொடர்களில் அதிக விக்கெட் எடுத்தவர், அல்லது அந்த இடத்தைப் பகிர்ந்துகொண்டவர், இடக்கை வேகப்பந்து வீச்சாளர்: கேரி கில்மர், வாசிம் அக்ரம், ஜெஃப் அலாட், சமிந்த வாஸ், ஜாகீர் கான், 2015-ல் ஸ்டார்க்கும் டிரென்ட் போல்ட்டும் சேர்ந்து, 2019-ல் மறுபடி ஸ்டார்க். 2024 டி20 உலகக் கோப்பையில் தலா 17 விக்கெட்டோடு முதலிடத்தில் நின்ற அர்ஷ்தீப், ஆப்கானிஸ்தானின் ஃபசல்ஹக் ஃபரூக்கி இருவரும் இடக்கை. மனிதர்களில் இடக்கைக்காரர்கள் பத்தில் ஒருவர்தான். பதிமூன்று தொடர் என்பது சிறிய மாதிரி. அக்ரம் எந்தக் கையால் வீசியிருந்தாலும் அக்ரம்தான் என்று ஒருவர் மறுக்கலாம், அது நியாயமும்கூட. ஆனாலும் பத்தில் ஒரு பங்கு ஆட்கள் முதலிடத்தில் பாதிக்கு மேல் பிடிப்பதை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

கோணத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். இடக்கைக்காரர் ஓவர் த விக்கெட் வந்து வீசும்போது, வலக்கை மட்டையாளருக்கு லெக் பக்கத்திலிருந்து கிளம்பும் பந்து அவரைக் குறுக்கே கடந்து ஆஃப் பக்கம் போகிறது. அப்படிப் போகும் என்று நம்பி மட்டையை நீட்டும்போது அது உள்ளே திரும்பினால் எல்பிடபிள்யூ, இல்லையென்றால் போல்டு. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தானின் ஷாஹீன் அஃப்ரிடி, ரோஹித் சர்மாவை அவர் சந்தித்த முதல் பந்திலேயே வீழ்த்தியது இந்த வழியில்தான். வலக்கைக்காரரின் இயல்பான அவுட்ஸ்விங்கைக் கண்ணாடியில் காட்டினால் கிடைப்பது இந்த இன்ஸ்விங். அது இடக்கைக்காரருக்குச் சிரமமில்லாமல் வரும். வீசிவிட்டு அவர் ஓடும் தடம், வலக்கை மட்டையாளரின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஆடுகளத்தைக் கிழித்து, சக அணி ஆஃப் ஸ்பின்னருக்கு உதவும். இவையெல்லாம் உண்மை. ஆனால் குறுக்கே போகும் கோணம்தான் வேண்டுமென்றால், எந்த வலக்கை வீச்சாளரும் ஸ்டம்பின் மறுபக்கம் போய் ரவுண்ட் த விக்கெட் வீசினால் அது கிடைத்துவிடுமே! ஒரு காசு செலவில்லை. அப்படியும் அணிகள் இடக்கையைத் தேடி அலைகின்றன என்றால், அவை காசு கொடுத்து வாங்குவது கோணத்துக்கு அப்பால் உள்ள ஒன்றை.

அது என்ன என்று அறிய, பந்து கையை விட்டு மட்டையை அடையும் அரை வினாடிக்குள் போக வேண்டும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர் கடக்கிறது. கையை விட்ட இடத்துக்கும் மட்டைக்கும் நடுவே சுமார் 18 மீட்டர். கைவசம் இருப்பது அரை வினாடிக்கும் குறைவு. பீட்டர் மெக்லியோட் என்ற உளவியலாளர் 1987-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். நம் ஊர் மைதானங்களில் விரிப்பதுபோன்ற மேட்டிங். அதன் அடியில் மெல்லிய மரக்குச்சிகள். பந்து குச்சிமேல் விழுந்தால் எதிர்பாராத பக்கம் விலகும். பன்னாட்டு ஆட்டம் ஆடியவர்கள்கூட, விலகிய பந்துக்கு மட்டையைத் திருப்ப வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொண்டார்கள். அதாவது, கடைசி ஐந்தில் ஒரு வினாடியில் பந்து என்ன செய்தாலும் உலகின் சிறந்த மட்டையாளருக்கும் அது எட்டாத செய்தி. 2000-ல் மைக்கேல் லேண்டும் மெக்லியோடும் மட்டையாளர்களின் தலையில் கேமரா பொருத்திக் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். பந்தை விடாமல் பார் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்கிறார்கள்; நல்ல மட்டையாளர் அப்படிப் பார்ப்பதே இல்லை! பந்து கையை விட்டதும் சிறிது நேரம் பார்க்கிறார். பிறகு கண் பந்தை விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்குத் தாவி அங்கே காத்திருக்கிறது. திறமை கூடக்கூட அந்தத் தாவல் முந்திக்கொள்கிறது. எங்கே குத்தும் என்று எப்படித் தெரிகிறது? வீச்சாளரின் ஓட்டம், தோள் திறக்கும் விதம், மணிக்கட்டு, பந்து பறந்த முதல் சில மீட்டர்கள். இந்தக் குறிகளிலிருந்து மிச்சப் பாதையை மூளை தானே போட்டுக்கொள்கிறது. பல்லாயிரம் பந்துகள் ஆடி ஊறிய பழக்கம் அது. அந்தப் பந்துகளில் மிகப் பெரும்பாலானவை வலக்கையிலிருந்து வந்தவை.

இந்தப் பழக்கம் இடவலம் மாறினால் என்ன ஆகும் என்பதை ஒரு மலைச்சாலையில் பார்க்கலாம். முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிகாலையில் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர் அவற்றைக் கணக்குப் போட்டுத் திரும்புவதில்லை. எதிர்ப்பாறையில் படும் வெளிச்சத்தின் அளவு, வளைவுக்கு அப்பால் கேட்கும் ஹாரன், ஸ்டியரிங்கில் உணரும் இழுப்பு இவை வந்ததுமே கை திரும்பிவிடுகிறது, கால் கிளட்சை மிதித்துவிடுகிறது. பத்து நாளில் ஒரு நாள் மட்டும் இந்த மலைச்சாலை முழுவதும் இடவலம் மாறிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே சரிவு, அதே அகலம், அதே 17 வளைவு. கணிதப்படி சாலை ஒரு துளியும் கடினமாகவில்லை. ஆனாலும் அன்று ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணம் பிந்துவார். பத்தில் ஐந்து நாள் அப்படி மாறிக்கிடந்தால் இரண்டு சாலையும் அவருக்குக் கைவந்துவிடும். பத்தில் ஒன்பது நாள் மாறிக்கிடந்தால், இன்றைக்கு நாம் போகும் சாதாரணச் சாலைதான் விபத்துச் சாலை என்று பெயர் வாங்கும். ஆபத்து வளைவில் இல்லை, அது எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பதில் இருக்கிறது. இன்னும் ஒரு படி போகலாம்: மாறிய சாலையிலும் முதல் கியரில் ஊர்ந்து போனால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் யோசிக்க நேரம் கிடைக்கிறது. ஜீப்பில் அந்த வேகத்தைத் தீர்மானிப்பவர் ஓட்டுநர். ஆடுகளத்தில் அதைத் தீர்மானிப்பவர் எதிராளி. அவர் நம் தடுமாற்றத்தை வேண்டி நிற்பவரும்கூட.

அரிதாக இருக்கும்வரை ஆதாயம், பெருகினால் ஆதாயம் கரையும் என்ற இந்த விதி உயிரியலில் பழையது. அதோடு நேர நெருக்கடியைச் சேர்த்துப் பார்த்தவர் ஜெர்மனியின் ஃப்ளோரியன் லோஃபிங். 2017-ல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஆறு பந்தாட்டங்களின் முன்னணி ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டது. பதில் கொடுக்க ஓரளவு நேரம் கிடைக்கும் ஸ்குவாஷில் இடக்கைக்காரர்கள் 9 சதவீதத்துக்கும் குறைவு, அதாவது தெருவில் நடப்பவர்களில் இருக்கும் அளவுதான். நேரமே இல்லாத பேஸ்பால் எறிவாளர்களில் சுமார் 30 சதவீதம். இடக்கை சுழற்பந்து வீச்சாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே, அவர்களும் விக்கெட் எடுக்கிறார்களே என்று கேட்டால், அவர்களுடைய ஆதாயம் வேறு கணக்கு: பந்து வலக்கை மட்டையாளரை விட்டு வெளியே திரும்புகிறது. அங்கே குறிகளைப் படித்து முடிக்க நேரமும் இருக்கிறது. வேகத்தில்தான் அரிதுத்தன்மை பலிக்கிறது.

இந்திய இடக்கை வேகத்தின் வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். கர்சன் கவ்ரி 109 டெஸ்ட் விக்கெட், ஜாகீர் 311. ஜாகீரின் காலத்தை ஒட்டி நெஹ்ரா, இர்ஃபான் பதான், ஆர்.பி. சிங் வந்துபோனார்கள். ஜாகீரின் கடைசி டெஸ்ட் 2014-ல். அதன் பிறகு ஏற்பட்ட வறட்சியின் இன்னொரு முகம், 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதியாட்டத்தில் முகமது ஆமிரிடமும், 2021-ல் ஷாஹீனிடமும் இந்தியாவின் முன்வரிசை சரிந்தது. வலைப்பயிற்சியில் சொந்த அணியிலேயே இடக்கை வேகம் இல்லாத மட்டையாளர்கள் அவர்கள். இந்திய அணி இதற்குச் செய்த காரியம்தான் எனக்கு எந்த ஆய்வைவிடவும் பெரிய சான்று: இடக்கையால் பந்து எறிந்து பழக்குவதற்கென்றே இலங்கையிலிருந்து நுவன் செனவிரத்னவை அழைத்து வைத்துக்கொண்டது. கோணம்தான் பிரச்சினை என்றால் பந்தெறி இயந்திரத்தைச் சற்று நகர்த்தி வைத்தால் போதும். இயந்திரத்துக்குத் தோள் இல்லை, மணிக்கட்டு இல்லை. படிக்கக் குறியில்லாத இடத்தில் பழக்கமும் வளராது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு எதிர்வாதம் பாக்கி. கோணமும் அரிதுத்தன்மையும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டாதவரை இது வெறும் ஊகம்தானே? பிரித்துக் காட்ட வழி இருக்கிறது, அதைச் செய்து வைத்திருப்பது பேஸ்பால். அங்கே பந்து தரையில் குத்தாது, ஆடுகளம் தேயாது. ஆகவே கணக்கு சுத்தம். ஒரே கைக்காரர்கள் மோதினால் எறிவாளருக்கு ஆதாயம், எதிர்க் கைக்காரர்கள் மோதினால் மட்டையாளருக்கு. வல எறிவாளர், வல மட்டையாளர் மோதலைக் கண்ணாடியில் பார்த்தால் இட எறிவாளர், இட மட்டையாளர் மோதல். வடிவியல் இரண்டிலும் அச்சாக ஒன்றுதான். கோணம் மட்டுமே காரணமென்றால் இட மட்டையாளர் தன் கைக்காரரிடம் இழப்பதும், வல மட்டையாளர் தன் கைக்காரரிடம் இழப்பதும் சமமாக இருக்க வேண்டும். நீண்ட காலக் கணக்குகள் அப்படிச் சொல்லவில்லை: இட மட்டையாளரின் இழப்பு தெளிவாக அதிகம். காரணம், வல மட்டையாளருக்குத் தன் கைக்காரர் தினசரிச் சோறு. இட மட்டையாளருக்குத் தன் கைக்காரரே அபூர்வம். கோணத்தின் இழப்போடு பழக்கமின்மையின் இழப்பும் அவர் தலையில் விழுகிறது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு இடக்கை மட்டையாளரை வீழ்த்துவதற்காக இடக்கை மாற்று எறிவாளரை அமெரிக்க அணிகள் தேடித் தேடி வைத்திருந்தது இதற்காகத்தான். 2020-ல், எறிய வருபவர் குறைந்தது மூன்று மட்டையாளர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்தப் பாதி இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்று விதி வந்தது. ஒற்றை ஆளுக்கென ஒருவரை இறக்கும் வழக்கம் அதோடு சுருங்கியது.

இதைக் கேட்டுவிட்டு, இடக்கைக்காரர்களின் மூளையே வேறு, பிறவித் திறமை என்று கிளம்புபவர்களுக்கு 1989-லேயே வுட், ஆக்கில்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பதில் சொல்லிவிட்டார்கள். பிறவிச் சுறுசுறுப்புதான் காரணமென்றால் அது கால்பந்து கோல்கீப்பர்களிடமும் தெரிய வேண்டும்; அங்கே இடக்கை மிகுதி இல்லை. அரிதாக இருப்பது மட்டும் போதும் என்பதும் மிகைதான். 2008-ல் அமெரிக்க முகவர் ஒருவர் இந்தியாவில் நடத்திய பேஸ்பால் எறிதல் போட்டியில் வென்ற உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங் இடக்கைக்காரர், ஈட்டி எறிந்தவர், மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொட்டவர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது, திரைப்படமே வந்தது, ஆனால் முதல்நிலை லீக்கை அவர் எட்டவில்லை. நடராஜனை உயர்த்தியது இடக்கையோடு சேர்ந்த யார்க்கர். டென்னிஸ் பந்தில் இருபது வயதுவரை ஊர் மைதானங்களில் ஆடி, வீச்சு முறையில் ஐயம் எழுந்தபோது அதைத் திருத்திக்கொண்டு வந்தவர். வலையில் பந்து வீசவென்று ஆஸ்திரேலியா போய், 2020 டிசம்பர் 2 முதல் 2021 ஜனவரி 15-க்குள் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். காலடியில் குத்தும் பந்து தரையில் பட்ட பிறகு மட்டையாளருக்குக் கிடைக்கும் நேரம் எல்லாவற்றிலும் குறைவு. அதாவது பழக்கத்தை அவர் அதிகம் நம்பவேண்டிய பந்து அது.

அப்படியானால் ஏலத் தொகை நிலைக்குமா? இட மட்டையாளர்கள் பெருகுகிறார்கள், அணிகள் இடக்கை வீச்சாளர்களைக் குவிக்கின்றன, ஒவ்வொரு மட்டையாளருக்கும் நுவனைப்போல ஒருவர் கிடைத்துக்கொண்டிருக்கிறார். வாங்கும் சரக்கு எதிராளியின் பழக்கமின்மை என்றால், வாங்க வாங்க அது தேயும். கிரிக்கெட்டிலும் இதைச் சோதித்துவிடலாம். ஐ.பி.எல். பந்துவாரிக் கணக்குகள் பொதுவில் கிடைக்கின்றன. வல-வல, வல-இட, இட-வல, இட-இட என்று வேகப்பந்துக்கு மட்டும் நான்கு கட்டங்கள் போட்டு, பந்துக்கு எத்தனை ரன், எத்தனை பந்துக்கு ஒரு விக்கெட் என்று நிரப்ப வேண்டும். 2008-லிருந்து ஆண்டுவாரியாகப் போட்டால், இட-இடக் கட்டத்துக்கும் வல-வலக் கட்டத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கிக்கொண்டு வருகிறதா என்று தெரிந்துவிடும். புள்ளியியல் படிக்கும் கல்லூரி மாணவர் எவரும் ஒரு பருவத் திட்டப்பணியாகச் செய்துவிடக்கூடிய வேலை.