வாசல் வடிகால் யார் பொறுப்பு?

ஐப்பசி மழை ஓய்ந்துவிட்டது, வானமும் வெளுத்துவிட்டது. ஆனால் தெருவில் மட்டும் கணுக்கால் அளவு நீர் நிற்கிறது. இத்தகைய காட்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள். நீர் ஏன் வடியவில்லை? அதை வடியச் செய்வது யார் பொறுப்பு?

முதலில் ஒரு சிறு கணக்கு. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் சேரும். தெருவில் இத்தகைய வீடுகள் 30 இருந்தால் 30,000 லிட்டர். சேமிப்புத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகாத நீர் முழுவதும் வாசலோர வடிகாலில்தான் இறங்கவேண்டும்.

திருவானைக்காவலை எடுத்துக்கொள்வோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், ஆற்று வண்டலால் ஆன சமநிலத்தில் அமைந்த ஊர் அது. நிலத்தின் சரிவு குறைந்தால் வடிகாலில் நீரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மணல் அடியில் படியும். நிலத்தடி நீரும் அதிக ஆழத்தில் இல்லை. சம்புகேசுவரர் கோயில் கருவறையில் நீர் கசிவதை அறிவீர்கள் அல்லவா? ஆறு நிறைந்து ஓடும் நாட்களில் நிலத்தடி நீர்மட்டம் மேலும் உயரும். அப்போது மண்ணால் மழைநீரை விரைந்து உறிஞ்ச இயலாது. எனவே வடிகாலே கதி.

30 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள வடிகாலில் பாதி உயரத்துக்கு மண் படிந்துவிட்டது என்று கொள்வோம். பாதி நீராவது போகும் என்று நினைப்பீர்கள். அதுவும் போகாது; 40 விழுக்காடு அளவே போகும். வழி பாதியாகச் சுருங்கினாலும், அடியிலும் பக்கங்களிலும் நீர் உராயும் பரப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே வேகமும் தளர்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே ஒரு வாசலில் அடைப்பு இருந்தாலும் அதற்கு மேற்புறமுள்ள வீடுகளின் நீரெல்லாம் தேங்கும். அடைத்தவர் ஒருவர், அவதிப்படுபவர் வேறொருவர்! தேங்கிய சாக்கடை நீரில், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும்.

பனி பெய்யும் நாடுகளிலும் இதே கேள்வி உண்டு. மிதிபட்ட பனி இறுகி வழுக்கும் பனிக்கட்டியாகிவிடும். நியூயார்க் நகரில் சாலைப் பனியை அகற்றுவது நகராட்சி. நடைபாதைப் பனியை அகற்றவேண்டியவர் அதை ஒட்டிய கட்டடத்துக்கு உரியவர். பகலில் பனி நின்றால் 4 மணி நேரத்துக்குள் அவர் அதைச் செய்யவேண்டும்.

நமக்கும் இது புதிதன்று. ஏரியையும் வாய்க்காலையும் ஊரார் கூடிச் சீர்செய்த குடிமராமத்து நம் பழைய வழக்கமே. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு என்றபோது, பிட்டு விற்ற வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு வந்த திருவிளையாடற் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

வடிகால் கட்டுவதும், சரிவு பார்ப்பதும், தூர் வாரி மண்ணை அப்புறப்படுத்துவதும் மாநகராட்சியின் வேலை. குப்பையை வடிகாலில் எறியாமலிருப்பது வீட்டாரின் கடமை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இதைக் கூறின. கட்டட மணலை வாசலில் கொட்டி வைக்காதீர்கள். படிக்கட்டுக்காக வடிகாலை மூடிவிடாதீர்கள். சல்லடைக் கம்பியில் சிக்கிய சருகையும் பையையும் வாரம் ஒருமுறை நீண்ட கோலால் அகற்றுங்கள். ஆனால் பாதாளச் சாக்கடைக் குழியை மட்டும் திறக்காதீர்கள்; யாரையும் உள்ளே இறக்காதீர்கள். அங்குள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு உயிரைப் பறிக்கும். அது இயந்திரத்தின் வேலை.

அடுத்த ஐப்பசிக்கு முன் ஒரு குச்சியை உங்கள் வாசல் வடிகாலில் விட்டுப் பாருங்கள். எத்தனை விரற்கடை மண் இருக்கிறது?