தீவனமும் உற்பத்தியுறவுகளும்: தொண்டைமானாற்றை முன்வைத்து ஒரு நோக்கு

பண்பாட்டு ஆய்வென்பது கோயிலையும் கூத்தையும் ஏட்டையும் மட்டுமே பொருளாகக் கொள்வது என்ற எண்ணம் நம்மிடையே நெடுநாளாக நிலவிவருகின்றது. தொண்டைமானாறு என்றதும் செல்வச்சந்நிதியும் தொண்டைமான் பற்றிய ஐதிகமும் நினைவுக்கு வருகின்றன. கடனீரேரியை அண்டிய தரவைகளில் மேயும் மாடும் அதனைப் பேணும் உழைப்பும் நினைவுக்கு வருவதில்லை. மனிதர் தம் வாழ்வுக்கு வேண்டியவற்றை எவ்வாறு உற்பத்தி செய்கின்றனர் என்பதிலிருந்தே பண்பாட்டு ஆய்வு தொடங்கவேண்டும் எனக் கருதும் நாம், கால்நடைத் தீவனத்தைப் பதப்படுத்திப் பேணும் முறைகளை ஈண்டு நோக்குவோம்.

குடாநாட்டின் மழையிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாதங்களிலேயே கிடைக்கின்றது. அப்பொழுது புல் உண்டு. போதிய வெயில் இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை வெயில் உண்டு, புல் இல்லை. இம்முரண்பாட்டைத் தீர்ப்பதே தீவனப் பதப்படுத்தலின் பணியாகும். அதற்குரிய வழிகள் இரண்டு: உலர்த்தல், புளிக்கச்செய்தல். இவை நம் மக்களுக்குப் புதியனவல்ல. ஒடியலையும் பினாட்டையும் கருவாட்டையும் வெயிலில் ஆக்கியவர்களும், தோசைமாவைப் புளிக்கவைத்தவர்களும் அவர்களே.

உலர்த்தலின் தத்துவம் எளிமையானது. நீர் குறைந்த பொருளிற் பூஞ்சணமும் பற்றீரியாவும் பெருக மாட்டா. பூக்கத் தொடங்கும் பருவத்திற் புல்லை அறுத்து, புரட்டிப் புரட்டிக் காயவிட்டு, ஈரப்பதன் ஏறத்தாழ 15 சதவீதத்துக்குக் குறைந்தபின் சேமித்தல் வேண்டும். முற்றிய புல்லில் நார் மிகும், புரதம் குறையும். மாசி, பங்குனி வெயில் இப்பணிக்கு உகந்தது.

வைக்கோலோ இயல்பாகவே உலர்ந்தது; எனினும் அதன் புரதம் 4 சதவீதமளவே. 100 கிலோ வைக்கோலுக்குச் சுமார் 4 கிலோ யூரியாவை நீரில் முற்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாது இரண்டு மூன்று வாரம் மூடிவைத்தால், வெளிப்படும் அமோனியா நாரை இளக்குகின்றது. தீவனத்தின் நைதரசன் அளவும் கூடுகின்றது. இலங்கையில் 1980களில் இம்முறை பற்றிப் பல ஆய்வுகள் நிகழ்ந்தன. கரையாத யூரியா மாட்டுக்கு நஞ்சு. இளங்கன்றுகளுக்கு இத்தீவனம் ஆகாது. கொடுக்குமுன் நெடி அகலக் காற்றாட விடுதல் அவசியம்.

மாரியில் மிகையாகக் கிடைக்கும் பசும்புல்லுக்கு ஏற்றது புளிக்கச்செய்தலே. தமிழில் இதனை ஊறுகாய்ப்புல் என்பர். அடுக்களை உழைப்பிலிருந்து பிறந்த இச்சொல் செயல்முறையையும் சரியாகவே உணர்த்துகின்றது. புல்லை ஈரம் 65 முதல் 70 சதவீதமாகும்வரை கூரையின் கீழ் வாடவிட்டு, சிறு துண்டுகளாக நறுக்கி, பரலிலோ தடித்த பொலித்தீன் பையிலோ காற்று வெளியேற அழுத்தி அடைத்தல் வேண்டும். காற்றில்லாச் சூழலிற் சில பற்றீரியாக்கள் புல்லின் வெல்லத்தை இலற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. பீஎச் பெறுமானம் 4 அளவுக்கு இறங்க, அழுகல் தடைப்படுகின்றது. நான்கு முதல் ஆறு வாரங்களில் தீவனம் ஆயத்தமாகும். இனிய புளிப்பு மணம் நன்மையின் அடையாளம். துர்நாற்றமும் வழுவழுப்பும் கேட்டின் அடையாளம். சீமைக்கிளுவைக் குழையிற் புரதம் மிகுதி, வெல்லம் குறைவு. ஆதலால் அதனைப் புல்லுடன் கலந்தே அடைத்தல் நன்று. அமிலத்தின் துணைகொண்டு பசுந்தீவனம் பேணும் முறையைக் கண்ட பின்லாந்து விஞ்ஞானி வேர்ட்டனன் 1945இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றமை இத்துறையின் முக்கியத்துவத்தை உணர்த்தும்.

அறிவு இவ்வாறு கைக்கெட்டும் தூரத்திலிருந்தும் தொழுவத்தை அடையாதது ஏன்? 2022 டிசெம்பரில் மழையும் கடுங்குளிரும் தாக்கியபோது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் சில நாள்களில் மடிந்தன. உடனடிக் காரணம் குளிரே. ஆயினும் உடலின் வெப்பம் உண்ட தீவனத்திலிருந்தே பிறக்கின்றது. ஊட்டம் குன்றிய, கூரையற்ற விலங்கு குளிரை எதிர்கொள்ளும் ஆற்றல் குறைந்தது. எனவே இயற்கையின் சீற்றமும் உடைமையின் ஏற்றத்தாழ்வு வழியாகவே செயற்படுகின்றது எனலாம். அதற்கு முன்னரே, 2021, 2022ஆம் ஆண்டுகளின் அந்நியச் செலாவணி நெருக்கடி, இறக்குமதிப் பால்மாவில் தங்கிய பொருளாதாரத்தின் பலவீனத்தை அம்பலமாக்கியிருந்தது.

கையால் அறுத்துச் சூடடித்த காலத்தில் வைக்கோல் களத்தில் ஒருங்கே குவிந்தது. இன்றைய அறுவடை இயந்திரம் அதனை வயலெங்கும் சிதறவிடுகின்றது. அதனைத் திரட்டுவதற்குக் கூலியோ இயந்திரமோ தேவை. நிலமற்ற பெண்ணொருத்தி ஒரு பசுவை வளர்க்கையில், அவளது உழைப்பு கூலியற்றது, வைக்கோல் பிறருடையது, புல் நடுவதற்குக் காணி இல்லை. அவளிடம் செய்முறையை மட்டும் விளக்குவது அரைப்பணியே.

புல் நறுக்கும் இயந்திரம் பாற் கூட்டுறவுச் சங்கங்களின் பொதுவுடைமையாதல், வைக்கோலைக் கூட்டாகத் திரட்டிப் பங்கிடல், தரவைகளை மேய்ச்சற்குரிய பொதுநிலமாகப் பாதுகாத்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. இவை கைகூடினால், மாரியின் மிகையைக் கோடைக்குக் கொண்டுசெல்லும் இவ்வறிவு உழைப்போரின் உடைமையாகும்.