கணைய அழற்சி என்றால் குடிதான் காரணமா?

"நாட்பட்ட கணைய அழற்சி" என்று வைத்தியர் சொன்னதும் எம்மவர் மத்தியில் எழும் முதற் கேள்வி, "ஆள் குடிக்கிறவரோ?" என்பதுதான். மதுவைத் தொட்டும் பார்க்காத அம்மாமாரும் இதற்கு முகம்கொடுக்க வேண்டியிருக்கிறது. கணையத்தின் இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், இது ஒரே நோயல்ல என்பது புரியும்.

கணையம் (பள்ளியில் நாம் சதையி என்று படித்தது) இரைப்பைக்குப் பின்னால் சுமார் 15 சென்ரிமீற்றர் நீளத்தில் இருக்கிறது. சமிபாட்டு நொதியங்களையும் இன்சுலினையும் சுரப்பது இதுவே. அழற்சி நாட்பட்டால் சுரக்கும் கலங்கள் அழிந்து, தழும்பு போல நார் இழையம் வளர்கிறது. அந்த நார் எங்கே படர்கிறது, பக்கத்தில் எந்தக் கலங்கள் கூடுகின்றன என்பதில்தான் வகைக்கு வகை வேறுபாடு.

மதுவால் வருவதில் நார் சோணைகளுக்கு இடையே திட்டுத்திட்டாகப் படரும். கான்களில் புரதம் கட்டிபட்டு, அதில் கல்சியம் படிந்து கல்லாகும். புகைத்தல் இதை இன்னும் விரைவுபடுத்தும். கட்டியோ தழும்போ பிரதான கானை அடைத்து வரும் வகையில், அடைப்புக்குப் பின்னாலுள்ள பகுதி மட்டும் சீராக நாராகும். கல் பெரும்பாலும் இராது.

எமக்குக் கிட்டிய வகை ஒன்றும் உண்டு. 1959இல் இந்தோனேசியாவில் ஸுய்டெமா என்பவர் விவரித்த வெப்பமண்டலக் கணைய அழற்சி அது. கேரளத்தில் வைத்தியர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளை ஆராய்ந்தார். தமிழ்நாட்டிலும் இது காணப்படுகிறது. இளவயதிலேயே வயிற்றுவலி, பின்னர் நீரிழிவு. கணையம் சுருங்கி, பிரதான கான் விரிந்து, அதற்குள் பெரிய கற்கள் கிடக்கும். மரவள்ளிக்கிழங்கின் மேல் நெடுநாள் பழி போட்டார்கள்; அது நிரூபணமாகவில்லை. பாவம் கிழங்கு! பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது பின்னர் தெரியவந்தது.

மிகவும் கவனிக்க வேண்டியது தன்னெதிர்ப்பு வகை. உடலின் காவற்படையே கணையத்தைத் தாக்குகிறது. இதன் முதலாம் வகையில் கான்களைச் சுற்றிப் பிளாஸ்மா கலங்கள் மொய்க்கும், நார் சுழல்சுழலாக ஓடும், சிறு நாளங்கள் அடைபடும். இரண்டாம் வகையில் நியூத்திரோபில் எனும் வெண்கலங்கள் கானின் உட்சுவரையே அரிக்கும். இவர்களுட் சிலருக்குக் குடல் அழற்சியும் உண்டு. கணையம் வீங்கி, கண் மஞ்சளாகி, ஸ்கானில் புற்றுநோய் போலவே தோன்றும். புற்றுநோய் என்று கருதிச் சத்திரசிகிச்சை செய்து, வெட்டியெடுத்த பின்னரே உண்மை தெரிந்தவர்களும் உண்டு. ஆனால் இது பெரும்பாலும் ஸ்ரெரொயிட் மருந்துக்கு விரைவில் அடங்கும். முதலாம் வகையினர் பலரின் இரத்தத்தில் ஐஜிஜி4 எனும் எதிர்ப்புப்பொருள் கூடியிருப்பதை யப்பானிய ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டார்கள். எனினும் புற்றுநோயிலும் அது சற்றுக் கூடலாம் என்பதால், சந்தேகமிருந்தால் ஊசியால் இழையம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

முதுகுக்குப் பரவும் மேல்வயிற்றுவலி, எண்ணெய் மிதக்கும் மலம், காரணமின்றி மெலிதல், மெலிந்த உடலில் திடீர் நீரிழிவு ஆகியவை இருந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். குடிப்பழக்கத்தை உள்ளபடி சொல்வதோடு, ஊரில் உறவினர் எவருக்கும் கணையக்கல் இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். சாப்பாட்டோடு எடுக்கத் தரும் நொதியக் குளிசைகள் பொதுவாகப் பன்றியின் கணையத்திலிருந்து பெறப்படுபவை. மரக்கறி உண்போரும் முஸ்லிம் அன்பர்களும் அதைத் தாமாக நிறுத்திவிடாமல், முதலில் வைத்தியருடன் கதைப்பது நல்லது.